கவுன்டருக்கு இந்தப் பக்கம்

கேரள அரசுப் பணிக்கான தேர்வு அறிவிப்புகளில் ஒரு விசித்திரமான பதவி அவ்வப்போது தலைகாட்டும்: 'கிளார்க் - தமிழும் மலையாளமும் அறிந்தவர்.' எல்லை மாவட்டங்களான பாலக்காடு, இடுக்கி போன்ற இடங்களுக்காக ஏற்பட்ட பதவி இது. காசர்கோட்டில் இதே நாற்காலியில் கன்னடம் தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார். சம்பளம் மற்ற கிளார்க்குகளுக்கு என்னவோ அதேதான். கூடுதலாக ஒரு மொழி தெரிந்ததற்குக் கூடுதலாகக் கிடைப்பது வேலை மட்டுமே.

1993ல் அந்த நாற்காலிகளில் ஒன்று எனக்குக் கிடைத்தது. 2023ல் ஓய்வு பெற்றேன். இந்த 30 வருடங்களில் நான் மொழிபெயர்ப்பில் தேர்ந்திருப்பேன் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரரோடு எப்படி வேலை செய்வது என்பது பிடிபடத்தான் பல வருடங்கள் ஆயின. ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது, ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இது என் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

நான் பிறந்தது சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி என்று நீளும் அந்த ஊர்களில் தமிழ் பேசுபவர்களே அதிகம். எங்கள் கடைத்தெருவில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் எந்த மொழியில் படியேறுகிறாரோ அந்த மொழியில்தான் விலை சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை ராவுத்தர் ஒரே நேரத்தில் ஒரு காதில் மலையாளமும் மறு காதில் தமிழும் கேட்டு, இருவரிடமும் ஒரே பொய்யைச் சொல்வார்: "கொள்முதல் விலைக்கே தர்றேன்." எந்த மொழி பெரிது என்ற பேச்சே அங்கே எழாது. துணி விற்றாக வேண்டும்.

வேலை கிடைத்ததோ இடுக்கியில், மலைமேல். எங்கள் ஊரிலிருந்து அங்கே போகும் பாதையே எங்கள் கதையைச் சொல்லிவிடும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் தாண்டி மூணாறு. கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போகிறவள் வழியில் தமிழ்நாட்டு பஸ்சில் தூங்கி எழுகிறாள்.

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருந்தன. அங்கிருந்த தமிழர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குக் காகிதத்தில் நல்ல பதிலே கிடைத்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தனி ஏற்பாடு செய்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கு அவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும்.

பதில் எழுத ஆள் வேண்டுமே. அதற்குத்தான் அந்த நாற்காலி. நான் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் தமிழ் டைப்ரைட்டர் இல்லை. முதல் பதிலைக் கையால் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். நாலாம் நாள் அந்தப் பெரியவர் கடிதத்தோடு மலையேறி வந்துவிட்டார். "அம்மா, இது கவர்மென்ட் கடுதாசிதானா? தமிழ்ல இருக்கே!" அறுபது வருடம் அந்த மலையில் வாழ்ந்தவர் அவர். அரசாங்கம் தன் மொழியில் எழுதினால் அது போலியாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அலுவலகத்துக்குள் என் பிரச்சினை வேறு விதமாக ஆரம்பித்தது. நான் போவதற்கு முன் தமிழ் பேசும் மனுதாரர்கள் சைகையாலும் அரைகுறை மலையாளத்தாலும் காரியத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் எல்லோருக்கும் விடுதலை. பி-3 சீட்டின் பைலா, ஏ-2 சீட்டின் பைலா என்ற பேச்சே இல்லை. சேலை கட்டிய விதத்தைப் பார்த்தே, "ஆ மேடத்தின்றெ அடுத்து போய்க்கோ" என்று கைகாட்டி விடுவார்கள். ஒரு மாதத்துக்குள் என் மேசை முன் தனியாக ஒரு 'தமிழ் வரிசை' உருவாகிவிட்டது. மற்ற ஜன்னல்களில் வரிசை நகர, இது மட்டும் நகராது.

அரசு அலுவலகத்தை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பெர்சனல் ரிஜிஸ்டர் உண்டு. வந்த தபால் எத்தனை, முடித்தது எத்தனை, பாக்கி எத்தனை என்பதெல்லாம் அதில் ஏறும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர் அதைத்தான் புரட்டுவார். ஒரு கிழவிக்கு நாற்பது நிமிடம் உட்கார்ந்து வாரிசுச் சான்றுக்கு என்ன வேண்டும் என்று விளக்கியதை எழுத அதில் கட்டம் கிடையாது. என் பாக்கி ஏறிக்கொண்டே போனது. மற்றவர்களின் பாக்கி குறைந்தது. மொழி தெரிந்தது குற்றம் என்பது போல ஒரு மெமோவும் வந்தது.

அதை மாற்றியவர் ஹெட் கிளார்க். தொடுபுழைப் பக்கத்துக்காரர். தமிழில் ஒரு வார்த்தை பேச மாட்டார். இளையவர்களை எல்லாம் அந்தப் பக்கத்து வழக்கப்படி "கொச்சே" என்றுதான் கூப்பிடுவார். மெமோவுக்கு நான் எழுதிய விளக்கத்தைப் படித்துவிட்டு, அதைத் தன் மேசையில் இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். பைல் யாருடைய சீட்டுக்கு உரியதோ அவர்தான் அதைப் பார்க்க வேண்டும். மொழி தேவைப்பட்டால் நான் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். அவர் கேட்பார், நான் சொல்லித் தருவேன். அப்படி நான் எழுந்துபோகும் ஒவ்வொரு தடவைக்கும், என் சீட்டில் ஒரு தபாலுக்கு அவர் டிராப்ட் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவ்வளவுதான். பண்டமாற்று. எங்கள் ஊர்ச் சந்தையில் தேங்காய்க்கு நிலக்கடலை கொடுப்பது போல.

முதல் வாரம் முணுமுணுப்பு. ஒரு டிராப்ட் எழுதுவதைவிடத் தானே நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொள்வது லாபம் என்று இரண்டாம் வாரமே சிலருக்குத் தோன்றிவிட்டது. மூன்று மாதத்தில் ஏ-2 சீட்டுப் பையன், "அம்மா, ரேஷன் கார்டு கொண்டாந்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தான். மொழிப்பற்று, மனிதாபிமானம் என்றெல்லாம் உபதேசம் செய்திருந்தால் அவன் கற்றிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஹெட் கிளார்க்குக்கு மனித சுபாவம் தெரிந்திருந்தது.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒலியோடு வேறு பொருள் தரும் சொற்கள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதி வைத்தது. முழுக்க அந்நியமான மொழியால் வரும் தொல்லை குறைவு. புரியவில்லை என்றாவது தெரியும். தமிழும் மலையாளமும் அக்காள் தங்கை. புரிந்துவிட்டது என்ற நினைப்பில்தான் கோளாறு நுழைகிறது.

முதல் சொல் 'வெள்ளம்'. மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். நம் வெள்ளத்துக்கு அங்கே வெள்ளப்பொக்கம். மழைக்காலத்தில் ஒரு பெண் வந்து, "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்திருச்சு சார்" என்று அழுதால், வீட்டுக்குத் தண்ணீர் வந்ததற்கு ஏன் அழுகிறாள் என்று கேட்பவர் விழிப்பார். அடுத்தது 'பனி'. மலையாளத்தில் காய்ச்சல். "பனியில நிக்க முடியல" என்று சொன்ன கொழுந்து பறிக்கும் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த புதிய நர்ஸ் ஒருத்தியை எனக்குத் தெரியும். 'அவசரம்' என்று நாம் பதறினால் அங்கே வாய்ப்பு என்று கேட்கும். 'சம்சாரிப்பது' என்றால் பேசுவது. "சாரோடு சம்சாரிச்சோ?" என்று கேட்டதற்கு, "சம்சாரம் ஊருக்குப் போயிருக்கு சார்" என்று பவ்யமாகப் பதில் சொன்னார் ஒருவர்.

'பட்டி' கொஞ்சம் சங்கடமான சொல். மலையாளத்தில் நாய். சொந்த ஊர் என்ற கட்டத்துக்கு, "ஆண்டிபட்டி" என்று பதில் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஹெட் கிளார்க் இதில் மட்டும் கடுமை காட்டுவார். அந்தச் சொல்லுக்கு நேரே சிவப்பு மையில் 'சிரிக்கக் கூடாது' என்று மலையாளத்தில் எழுதியிருந்தார்.

'அம்மாயி' உண்மையிலேயே ஆபத்தான சொல். மதுரை, தேனிப் பக்கத்தார் பலருக்கு அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். மலையாளத்தில் தாய்மாமனின் மனைவி. வாரிசுச் சான்றுக்கான விசாரணையில் இது இடம் மாறினால் சொத்தே இடம் மாறிவிடும். அதனால் உறவுமுறைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. உறவுப் பெயரை எழுதாமல், இன்னாரைப் பெற்றவள், இன்னாரோடு பிறந்தவன் என்று எழுதச் சொல்வேன். கொஞ்சம் நீளும். திரும்பி வராது.

இதைவிடப் பெரிய தலைவலி எழுத்து. தமிழில் 'க' ஒன்றுதான், 'ப' ஒன்றுதான். மலையாளத்தில் ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து. பாக்கியம் என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்து வாத்தியார் தமிழ்ச் சான்றைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து முதல் 'பா'வைப் போட்டார். ரேஷன் கார்டு எழுதியவர் பொருளை யோசித்து, சமஸ்கிருத முறைப்படி நாலாவது 'பா'வைப் போட்டார். வாக்காளர் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று. ஒரே பெண், மூன்று பேர். போதாததற்கு இனிஷியல். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். மலையாளிகளின் படிவத்தில் வீட்டுப் பெயர் என்று ஒரு கட்டம் காத்திருக்கும். லயத்தில் பிறந்தவளுக்கு வீட்டுப் பெயர் ஏது? ஒரு கிளார்க் எஸ்டேட் டிவிஷன் பெயரைப் போடுவார், இன்னொருவர் லயத்து நம்பரைப் போடுவார்.

இந்த மூன்று பாக்கியங்களும் ஒருத்திதான் என்று சான்று தர ஒரு ஏற்பாடு உண்டு. 'ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிகேட்' என்று பெயர். மலையில் அதற்கு இருந்த கிராக்கி சொல்லி மாளாது. அரசாங்கம் செய்த மூன்று பிழைகளுக்கு அந்தப் பெண் மனுப் போட்டு, நாலாவது காகிதம் வாங்கிப் போவாள்.

அதற்கு அவள் கொடுக்கும் விலை முத்திரைக் கட்டணம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்டேட்டில் வார விடுமுறை ஞாயிறு. அலுவலகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. ஆகவே எங்கள் ஜன்னலுக்கு அவள் வந்து நின்றாலே ஒரு நாள் கூலி போயிற்று, ஜீப் வாடகை தனி. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே தெருவில் உட்கார்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள், நினைவிருக்கும். அன்று அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். அந்தப் போராட்டம் கிளப்பிய பேச்சுவார்த்தைகளுக்குப் பின் அது 301 ஆனது. "நாளைக்கு வாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் மதிப்பு அது. ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை வந்தவள் வாரத்தில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இதை அலுவலகத்தில் ஒரு முறை கணக்குப் போட்டுக் காட்டினேன். பியூன் மட்டும், "எங்க அம்மாவும் அப்படித்தான் அலைஞ்சா" என்றார்.

"கேரளத்தில் இருந்துகொண்டு மலையாளம் கற்காதது யார் குற்றம்?" என்று கேட்ட சக ஊழியர்கள் உண்டு. பி-3 சீட்டில் இருந்த சேச்சி, சங்ஙனாச்சேரிக்காரர், இதை அடிக்கடி கேட்பார். நியாயமான கேள்விதான். என் பதில்: பேத்தி கற்கிறாள், 2017ல் வந்த சட்டம் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமே ஆக்கிவிட்டது. பதினைந்து வயதில் கூடை தூக்கி, அறுபது வயது வரை தமிழ்க் கங்காணியிடம் தமிழில் ஏச்சு வாங்கிய பாட்டிக்கு எந்த வகுப்பில் இடம் இருந்தது?

அந்தச் சேச்சியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எங்களுக்குள் நட்பு என்று ஒன்றும் இல்லை. பண்டமாற்றுக் கணக்கில் அவர் கறார். ஒரு டிராப்ட் கூடப் போகாது, குறையவும் குறையாது.

2000களின் தொடக்கத்தில் ஒரு பெண் சாதிச் சான்றுக்கு வந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். தொழிற்கல்விக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதிக்குப் பத்து நாளோ என்னவோ பாக்கி. மலையில் தமிழ் அட்டவணைச் சாதியினரின் சான்று ஒரு தேதியில் தொங்குகிறது: 1950 ஆகஸ்ட் 10. அட்டவணைச் சாதிகளின் பட்டியல் குடியரசுத் தலைவர் ஆணையாக வெளியான நாள். அதற்குப் பிறகு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு, புதிய இடத்தில் அந்த உரிமை கூடவே வராது. ஆகவே முன்னோர் அந்தத் தேதிக்கு முன்பே மலையில் இருந்ததற்குச் சாட்சி வேண்டும். கங்காணியோடு நடந்தே மலையேறியவர்கள் கையில் என்ன காகிதம் இருக்கும்? தேவிகுளம் தனித்தொகுதியின் 2021 தேர்தலே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. ஆ. ராஜாவின் வெற்றியை 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, வெற்றி செல்லும் என்றது. மதமாற்றம் பற்றிய வாதத்தோடு, குடும்பம் எப்போது கேரளத்துக்கு வந்தது என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தக் கதி என்றால், லயத்துப் பெண்ணுக்கு?

அவளுடைய தாத்தாவின் பெயர் எஸ்டேட்டின் பழைய பதிவேட்டில் கிடைக்கவில்லை. அந்த வருடங்களுக்கான ஏடுகளே இல்லை. "ஆதாரம் இல்லை" என்று எழுதி அனுப்பினால் பைல் முடிந்தது. பெர்சனல் ரிஜிஸ்டரில் ஒரு பாக்கி குறையும்.

பைல் பி-3 சீட்டுடையது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய பாட்டி சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டி பேச்சுவாக்கில், தன் கொழுந்தன் மட்டும் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்தான், நாலெழுத்துத் தெரியும், அவன்தான் ஊருக்குக் கடுதாசி எழுதுவான் என்றாள். நான் அதையும் விடாமல் சொன்னேன். மொழிபெயர்ப்பில் நான் வைத்திருந்த ஒரே வைராக்கியம் அதுதான். சம்பந்தமில்லை என்று நானாக எதையும் வெட்ட மாட்டேன். எது சம்பந்தம் என்று முடிவு செய்வது பைலுக்கு உரியவரின் வேலை.

சேச்சி நிமிர்ந்தார். அவருடைய அம்மா பள்ளித் தலைமையாசிரியை. அட்மிஷன் ரிஜிஸ்டரில் சாதிக்கு ஒரு கட்டம், சேர்ந்த தேதிக்கு ஒரு கட்டம் இருக்கும் என்பது அவருக்கு வீட்டுப் பாடம். எனக்கு அது தோன்றியிருக்காது.

இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை நாள். இரண்டு பேரும் கொழுந்து ஏற்றும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் இரும்புப் பெட்டியைத் திறந்தார். கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது. உள்ளே முழுக்கத் தமிழ்க் கையெழுத்து. சேச்சிக்கு ஒரு எழுத்துப் புரியாது. நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவர் பட்டியலில் அப்பா பெயரைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது ஏட்டில் அந்தக் கொழுந்தன் இருந்தார். அப்பா பெயர் பொருந்தியது. சாதிக் கட்டம் நிரப்பப்பட்டிருந்தது. சேர்ந்த தேதி: 1123 இடவம்.

திருவிதாங்கூர்க் காலத்து ஏடு. கொல்லம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். சேச்சி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "825 கூட்டணும்... சிங்ஙம் கழிஞ்ஞு, தனுவில் வருஷம் மாறும்..." 1948, மே அல்லது ஜூன். அந்த முக்கியமான தேதிக்கு இரண்டு வருடம் முன்னால்.

திங்கட்கிழமை அறிக்கை போயிற்று. அந்தப் பெண்ணுக்குச் சான்று கடைசித் தேதிக்கு முன்பே கிடைத்தது. அந்த வாரம் சேச்சியின் மாதாந்திர ஸ்டேட்மென்ட்டுகளை நான் எழுதிக் கொடுத்தேன். கணக்கு நேர். அதற்குப் பிறகும் அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் பழைய பள்ளி ஏடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரித்து, தன் சீட்டில் அடுத்து வருபவருக்காக மேசை அறையில் ஒட்டி வைத்துவிட்டுத்தான் மாற்றலாகிப் போனார். நல்ல சக ஊழியர் என்றால் மத்தியான டிபன் பாக்ஸைப் பகிர்பவர் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அவர் ஒரு நாளும் பகிர்ந்ததில்லை. சைவம் வேறு.

வேறு நாடுகளில் இந்த வேலைக்குப் பெயரும் கூலியும் உண்டு. ஆஸ்திரேலியா 1973லேயே அரசு செலவில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. இலங்கையில் 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்த அரசு ஊழியர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நம் பக்கம் தமிழ் தெரிந்த கிளார்க் எழுந்து போவதுதான் சேவை. அவர் லீவு போட்டால் சேவைக்கும் லீவு.

விதிகள் மாறாமல் இல்லை. 2012ல் கேரளம் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. எந்தச் சான்று எத்தனை நாளில் என்று பலகை தொங்கியது, தாமதித்தால் அபராதம். நல்ல சட்டம். அதன் பக்க விளைவு ஒன்றையும் பார்த்தேன். நாள் கணக்கு விண்ணப்பம் பதிவான பின்தான் தொடங்கும். எனவே சில இடங்களில், "இந்தக் காகிதம் இல்லை, அந்தக் காகிதம் இல்லை" என்று விண்ணப்பத்தை வாங்காமலே திருப்பி அனுப்பும் கலை வளர்ந்தது. மொழி தெரியாதவரிடம் அந்தக் கலை இன்னும் சுலபம்.

2021ல் எங்கள் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அலுவலகத்துக்கு வருபவர்கள் யாரையும் 'சார்', 'மேடம்' என்று அழைக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். 'அபேக்ஷிக்குந்நு' என்று, அதாவது கெஞ்சிக் கேட்கிறேன் என்ற பொருளில், மனு எழுதவும் வேண்டாம். உரிமையாகக் கேட்கிறேன் என்று எழுதலாம். செய்தி படித்த அன்று எங்கள் அலுவலகத்தில் பெரிய விவாதம். கேரளத்து அலுவலகங்களில் பெண்களையும் 'சாறே' என்று கூப்பிடுவது சகஜம். நானே பல வருடம் சாராக இருந்தவள். மரியாதை போய்விடும் என்றார் ஒருவர். எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, இனி எங்களை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "எப்பிடிக் கூப்பிட்டாலும் நீங்க ஒரே தடவைல நிமிர்ந்து பாத்தாச் சரி" என்றாள். நான் அதையும் அப்படியே மலையாளத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஏ-2 சீட் அவளுடைய பைலை எடுத்தது.

இப்போது பெரும்பாலான சான்றுகளுக்கு ஜன்னலே வேண்டாம். கம்ப்யூட்டர் மூலம் விண்ணப்பிக்கும் இ-டிஸ்ட்ரிக்ட் திட்டத்தைக் கேரளம் முதலில் சோதித்துப் பார்த்த இரண்டு மாவட்டங்களில் பாலக்காடு ஒன்று. அக்ஷயா மையத்தில் கொடுத்தால் போதும். கூலி நஷ்டமும் குறைந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. மாலையில் வேலை முடிந்து வந்தே விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் கவுன்டர் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் இப்போது இருபது வயதுப் பையனோ பெண்ணோ உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டச்சு செய்வதில் ஒரு எழுத்து மாறினால் பழைய மூன்று பாக்கியம் கதைதான்.

போன மழைக்காலத்தில் மூணாறில் ஒரு உறவினர் வேலைக்காக அப்படி ஒரு மையத்தில் காத்திருந்தேன். முன்னால் இருந்த பெண்ணின் பெயரைக் கேட்ட பையன், விரலைக் கீபோர்டுக்கு மேலே நிறுத்திவிட்டு, "அக்கா, எந்த 'கா' போடணும்?" என்று தமிழிலேயே கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. "கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பேன். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா." அவன் அவளுடைய பையிலிருந்த காகிதங்களை எல்லாம் வாங்கி மேசையில் வரிசையாகப் பரப்பினான். ரேஷன் கார்டு, ஆதார், மகளின் பள்ளிச் சான்று. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்த பெண் ஒன்றும் சொல்லாமல், அவன் வரிசையிலிருந்து இரண்டு பேரைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டாள்.